வாசகர் கேள்வி – பதில்: வகுப்பறையிலிருந்து மேலவைக்குப் போன இச்சிகாவா

ஜப்பானியப் பெண்கள் எந்த ஆண்டு முதன்முதலாக வாக்களித்தார்கள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். 1946 என்று பதில் எழுதி, அதற்காகப் பாடுபட்டவர்களில் முதன்மையானவரான இச்சிகாவா ஃபுசாயே ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை என்ற ஒற்றை வரியோடு முடித்திருந்தோம். நெல்லைச் சீமையில் தெருவுக்கு நாலு டீச்சர் வீடு இருப்பதாலோ என்னவோ, அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு பலர் எழுதிவிட்டார்கள். ஆகவே இம்மாதப் பக்கங்கள் முழுவதும் அவருக்கே. (இச்சிகாவா என்பது குடும்பப் பெயர்; அங்கே அதுதான் முன்னால் வரும்.)

கேள்வி: பள்ளிக்கூட உத்தியோகம் கௌரவமானது. அதை விட்டுவிட்டு அரசியலுக்குப் போகும்படி அந்த அம்மாவுக்கு என்னதான் நேர்ந்தது? அவருடைய வீட்டுச் சூழல் எப்படிப்பட்டது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

1893 மே 15 அன்று ஐச்சி மாகாணத்தில், இன்று இச்சினோமியா நகரத்தோடு சேர்ந்துவிட்ட ஒரு கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் விசித்திரமான மனிதர். பெண் பிள்ளைகள் உட்பட எல்லாப் பிள்ளைகளும் படித்தாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் அவரே. கோபம் வந்தால் மனைவியைக் கை நீட்டி அடித்தவரும் அவரே. அடிபட்ட தாய், பெண்ணாகப் பிறந்த பாவத்துக்குப் பொறுத்துப் போக வேண்டியிருக்கிறது, உங்களுக்காகத்தான் பொறுக்கிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்வாராம். பெண்ணாகப் பிறப்பது ஏன் பாவமாக வேண்டும் என்ற கேள்வியிலிருந்துதான் தன் வாழ்க்கை தொடங்கியது என்று இச்சிகாவா பிற்காலத்தில் எழுதினார்.

ஐச்சி மகளிர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது, நல்ல மனைவியாகவும் அறிவுள்ள தாயாகவும் விளங்குவதே பெண் கல்வியின் நோக்கம் என்று ஓயாமல் உபதேசித்த தலைமையாசிரியருக்கு எதிராகச் சக மாணவியரைத் திரட்டி வகுப்புகளைப் புறக்கணித்தவர்களில் அவரும் ஒருவர். 1913இல் தேறித் தொடக்கப்பள்ளி ஆசிரியையானார். 1917இல் உடல்நலம் குன்றி வேலையை விட்டார். அதே ஆண்டு நகோயாவின் நாளிதழ் ஒன்றில் அதன் முதல் பெண் நிருபராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு தோக்கியோவுக்கு வந்துவிட்டார்.

நீங்கள் ஆசிரியை என்பதால் ஒரு சட்டத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 1900ஆம் ஆண்டின் பொது அமைதிக் காவல் சட்டம், அதன் 5ஆம் பிரிவில், அரசியல் அமைப்புகளில் யார் யார் சேரக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டிருந்தது. படைவீரர், காவலர், மதகுருமார், பள்ளி ஆசிரியர், மாணவர், பெண்கள், வயதுவராதோர் எல்லாரும் அதில் அடக்கம். போதாக்குறைக்குப் பெண்களும் வயதுவராதோரும் அரசியல் கூட்டத்துக்குப் போய்க் கேட்பதுகூடக் குற்றம். ஆசிரியையாக இருந்த நாளில் இச்சிகாவாவின் வாசலை அந்தச் சட்டம் இரண்டு தாழ்ப்பாள் போட்டுப் பூட்டியிருந்தது. வேலையை விட்டதில் ஒன்று கழன்றது. மற்றொன்றைக் கழற்றுவதே அவருடைய முதல் அரசியல் வேலையாயிற்று. பெண்ணிய எழுத்தாளர் ஹிராட்சுகா ராய்ச்சோவோடு சேர்ந்து 1919–20இல் புதிய மகளிர் சங்கத்தைத் தொடங்கி, மனு மேல் மனுவாகக் கொடுத்து, நாடாளுமன்ற உறுப்பினர்களை நேரில் கண்டு பேசி, 1922இல் அப்பிரிவைத் திருத்த வைத்தார்கள். கூட்டத்துக்குப் போகலாம், கூட்டம் நடத்தலாம் என்றாயிற்று. கட்சியில் சேரும் தடை மட்டும் அப்படியே நின்றது.

கேள்வி: நான் இப்போது பணியில் இருக்கும் ஆசிரியை. எங்களைப் போன்றவர்கள் அந்தச் சங்கத்தில் இருந்தார்களா?
– வீரவநல்லூர்

இருந்தார்கள், அதற்காகத் தொல்லையும் பட்டார்கள். ஹிரோஷிமா வட்டாரத்தில் ஆசிரியைகள் புதிய மகளிர் சங்கத்தில் சேரத் தொடங்கியதும், அம்மாகாண அதிகாரிகள் அவர்களை விசாரித்து, அதில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று தடுத்தார்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் நம்மூரிலும் பணியில் இருக்கும் ஆசிரியரைத் தேர்தலில் நிற்க விடுவதில்லை. ஆனால் அந்தக் காலத்து ஜப்பானில் கேட்கப்பட்டது வேட்பாளராக நிற்கும் உரிமை அன்று, ஒரு கூட்டத்தில் போய் உட்காரும் உரிமை.

கேள்வி: ஜப்பான் நம்மைவிட எவ்வளவோ முன்னேறிய நாடு. அங்கே பெண்களுக்கு 1946இல்தான் வாக்குரிமை என்றால் நம்ப முடியவில்லை. நமக்கு எப்போது கிடைத்தது?
– கல்லூரி மாணவி, பேட்டை

நமக்குத்தான் முதலில் கிடைத்தது. 1921இல் மதராஸ் மாகாணச் சட்டமன்றம், ஆண்களுக்கு என்ன தகுதியோ அதே தகுதியுடைய பெண்களும் வாக்களிக்கலாம் என்று தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்ற உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த நாளில் இச்சிகாவா வாக்களிக்கவே வழியில்லாமல் தோக்கியோவில் மனு எழுதிக்கொண்டிருந்தார்.

ஆனால் ரொம்பவும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். நம்முடைய அந்த உரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கானது. தாமிரபரணிக் கரையில் நாற்று நட்ட பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும் அதில் பங்கில்லை. அவர்கள் 1951–52 பொதுத் தேர்தல் வரை காத்திருக்க நேர்ந்தது. ஜப்பானில் 1925இலேயே வரித் தகுதியை நீக்கி, 25 வயது நிரம்பிய ஆண்கள் எல்லாருக்கும் வாக்குரிமை தந்தார்கள். வாக்காளர் தொகை சுமார் 30 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சமாகப் பெருகியது. அத்தனை பேரில் ஒரு பெண்கூட இல்லை.

கேள்வி: ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வி. சொளகை மடியில் வைத்தால் எழுந்திருக்கப் பொழுது சாய்ந்துவிடும். முதலில் கூலிக்குப் போராடாமல் ஓட்டுக்குப் போராடியது சரியா?
– பீடி சுற்றும் வாசகி, முக்கூடல்

இந்தக் கேள்வியை இச்சிகாவாவும் தனக்குள் வெகு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். தோக்கியோவுக்கு வந்த புதிதில் அவர் ஒரு தொழிலாளர் அமைப்பின் மகளிர் பிரிவில் சிறிது காலம் வேலை பார்த்தவர். 1921இல் அமெரிக்காவுக்குப் போய், வீட்டுவேலை செய்து பிழைத்துக்கொண்டே, அங்கிருந்த தொழிலாளர் இயக்கத்தையும் பெண்கள் இயக்கத்தையும் அருகிருந்து பார்த்தார். அங்கே சந்தித்த அமெரிக்கப் பெண் வாக்குரிமைப் போராளி ஆலிஸ் பால், தொழிலாளர் பிரச்சினையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் வாக்குரிமை ஒன்றிலேயே நில்லுங்கள் என்று யோசனை சொன்னார். 1924இல் ஊர் திரும்பியதும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் தோக்கியோ அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பெண் தொழிலாளர்களின் நிலைமையை ஆராய்வது அவர் பொறுப்பு; பஞ்சாலையில் இரவு முழுக்க நின்ற பெண்களின் பாட்டை அவர் அறியாதவர் அல்லர்.

அதே ஆண்டு டிசம்பரில் பெண் வாக்குரிமைக்கான கழகம் உருவாயிற்று. பகலில் அலுவலகம், மற்ற நேரமெல்லாம் கழகம் என்று சில காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு, 1927இன் முடிவில் நல்ல சம்பளம் வந்த அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டார். வாக்குரிமையே சாவி என்பது அவர் வாதம். தொழிலாளர் சட்டத்தை எழுதும் சபைக்கு உறுப்பினர்களை அனுப்புகிறவர்களில் நீங்கள் இல்லையென்றால், உங்கள் கூலியைப் பற்றிய பேச்சு உங்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் நடக்கும். அவர் செய்தது சரி என்றே நானும் நினைக்கிறேன். சாவி கைக்கு வந்த பிறகும் பூட்டு எளிதில் திறப்பதில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி. 1931இல், உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் பெண்களுக்குக் குறைந்த அளவில் உரிமை தரும் மசோதாவை அரசாங்கமே கொண்டுவந்தது. கீழவையில் நிறைவேறிய அந்த மசோதாவை அன்றைய மேலவையான பிரபுக்கள் சபை கவிழ்த்துவிட்டது. அந்த செப்டம்பரில் சீனாவின் மஞ்சூரியாவில் ஜப்பானின் படையெடுப்பு தொடங்கியது. அதன்பிறகு வாக்குரிமைப் பேச்சு எடுபடவில்லை.

கேள்வி: இவர் போர்க்காலத்தில் ராணுவ அரசாங்கத்துக்குத் துணைபோனவர் என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, நீங்கள் ஏன் இவரைக் கொண்டாடுகிறீர்கள்?
– வழக்கறிஞர், அம்பாசமுத்திரம்

நீங்கள் படித்தது உண்மை. அதை மறைத்துவிட்டு இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருக்கு நன்மை செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

1932இல் கூடிய பெண் வாக்குரிமை மாநாடு பாசிசத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஐந்தே ஆண்டுகளில், சீனாவோடு முழுப் போர் மூண்டதும், நிலைமை மாறிவிட்டது. தன் முன்னால் மூன்று வழிகள் இருந்ததாக அவர் தன்வரலாற்றில் எழுதுகிறார்: போரை வெளிப்படையாக எதிர்த்துச் சிறைக்குப் போவது, இயக்கத்தை விட்டு முற்றிலும் விலகிவிடுவது, நடப்பதை ஒருவாறு ஏற்றுக்கொண்டு ஓரளவு ஒத்துழைப்பது. மூன்றாவதை அவர் எடுத்துக்கொண்டார். மகளிர் அமைப்புகளை ஒன்றுசேர்த்து அரசின் ஆள்திரட்டல் இயக்கத்தோடு இணைந்து வேலை செய்தார். 1940இல் தன் வாக்குரிமைக் கழகத்தைக் கலைத்தார். 1942இல் அரசு அமைத்த மாபெரும் மகளிர் சங்கத்தில் ஆலோசகரானார்; அந்த ஆண்டின் இறுதியில், போரை ஆதரித்த எழுத்தாளர்களின் தேசபக்த சங்கத்தில் இயக்குநர்களில் ஒருவராகவும் ஆனார்.

பிற்காலத்தில் கேட்டவர்களிடம் அவர் மழுப்பவில்லை. ஒத்துழைத்தது உண்மை, அதற்கான பொறுப்பை உணர்கிறேன் என்றார். ஆனால் அந்தக் காலத்தில் அந்தச் சூழலில் ஒரு குடிமகளாக நடந்துகொண்டதை இழிவாகக் கருதவில்லை என்றும் சொன்னார். முதல் பாதியை நான் மதிக்கிறேன். இரண்டாம் பாதி எனக்கு ஒப்பவில்லை. அரசு வேலையில் பெண்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தால் அதன் வழியே உரிமையும் ஒரு நாள் வரும் என்று அவர் கணக்குப் போட்டார். அந்த அரசின் படைகள் சீனாவின் நான்ஜிங்கிலும் பிலிப்பைன்ஸின் மணிலாவிலும் பெண்களை என்ன செய்தன என்பதை அந்தக் கணக்கின் எந்தப் பத்தியில் எழுதுவது? அதிகாரத்துக்குள் நுழைந்து அதைத் திருத்தலாம் என்று போகிற நல்லவர்கள் எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களில் பெரும்பாலோரை அதிகாரம்தான் திருத்தி அனுப்பியிருக்கிறது.

இதற்கு அவர் விலையும் கொடுத்தார். அந்த எழுத்தாளர் சங்கப் பதவியைக் காரணம் காட்டி, நேச நாட்டு ஆக்கிரமிப்பு நிர்வாகம் அவரை 1947 மார்ச்சில் பொதுவாழ்விலிருந்து விலக்கியது. 1950 அக்டோபரில்தான் தடை நீங்கியது. அதற்குப் பின் வந்த முப்பது ஆண்டுகளின் பொருட்டே அவரைப் பற்றி எழுதுகிறேன். கொண்டாட்டம் என்ற சொல் உங்களுடையது.

கேள்வி: ஜப்பானியப் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் என்றுதானே பாடப்புத்தகத்தில் இருக்கிறது?
– நாங்குநேரி

இதைக் கேட்டால் இச்சிகாவாவுக்குக் கோபம் வரும். ஜப்பான் சரணடைந்ததை மன்னர் வானொலியில் அறிவித்தது 1945 ஆகஸ்ட் 15. பத்தே நாளில், ஆகஸ்ட் 25 அன்று, இச்சிகாவா பழைய தோழியரைக் கூட்டி ஒரு மகளிர் குழுவை அமைத்துவிட்டார்; அந்தக் குழு வாக்குரிமைக் கோரிக்கையை அரசின் முன் வைத்தது. அக்டோபரில் பதவியேற்ற ஷிதெஹாரா அமைச்சரவை, உள்துறை அமைச்சர் ஹொரிகிரியின் யோசனைப்படி, பெண் வாக்குரிமைக்கு இசைவு தந்தது. மெக்கார்தரின் ஐந்து சீர்திருத்தக் கட்டளை வந்தது அதற்குப் பிறகு, அக்டோபர் 11 அன்று. சட்டத் திருத்தம் டிசம்பரில் வெளியாயிற்று. அமெரிக்கர்கள் இல்லாவிட்டால் இத்தனை சீக்கிரம் நடந்திருக்குமா என்பது வேறு விஷயம். நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். இருந்தாலும், இரண்டு தலைமுறை மனு எழுதிய பெண்களை வரலாற்றிலிருந்து அழித்துவிட்டு, அதை ஒரு தளபதியின் தானமாக எழுதுவது நியாயமாகாது.

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் பார்க்கிறேன். 1946 தேர்தலில் அவர் வெற்றி பெற்றாரா?
– சேரன்மகாதேவி

வெற்றி இருக்கட்டும், அவர் வாக்கே போடவில்லை! 1946 ஏப்ரல் 10 அன்று ஏறத்தாழ 1 கோடியே 38 லட்சம் பெண்கள் வாக்களித்தார்கள். 466 இடங்களில் 39 பெண்கள் வென்றார்கள். கால் நூற்றாண்டு அதற்காக உழைத்தவரின் பெயர் மட்டும் வாக்காளர் பட்டியலில் விட்டுப்போயிருந்தது. குண்டுவீச்சுக்குத் தப்பி ஜனங்கள் ஊர்விட்டு ஊர் போயிருந்த காலம் அது. அவரும் அப்படி வெளியூரில் இருந்தவர். வீடு வீடாக ஏறி, கல்யாணமாகி வந்த மருமகளுக்குப் படிவம் கொடுத்து, ஆதாருக்கு ஒரு தடவை, போட்டோவுக்கு ஒரு தடவை என்று அலைகிற உங்களுக்கு இதன் வலி சட்டென்று புரியும்.

நம் நாட்டின் முதல் பொதுத் தேர்தலிலும் இப்படி ஒன்று நடந்தது. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தம் பெயரைச் சொல்ல மறுத்த சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி ஆயிற்று. பெரும்பாலோர் வட மாநிலத்தவர். பெயரில்லாத வாக்காளரைச் சேர்ப்பதில்லை என்பதில் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக இருந்தார்.

கேள்வி: அவர் திருமணம் செய்துகொண்டாரா?
– மேலப்பாளையம்

இல்லை.

கேள்வி: நான் ஊராட்சித் தலைவியாக இருந்தவள். வார்டு தேர்தலுக்கே ஆட்டோ, மைக், சுவர் விளம்பரம், பூத் செலவு, டீ வடை என்று நகையை அடகு வைக்க வேண்டியிருக்கிறது. தலைவி நான், ஆனால் கையெழுத்துப் போடுவதைத் தவிர எல்லாம் வீட்டுக்காரர்தான் என்று ஊரே பேசும். பணமும் ஆண் துணையும் இல்லாமல் அவர் எப்படி ஜெயித்தார்?
– களக்காடு வட்டாரம்

வந்த கடிதங்களில் இதுதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது.

தடை நீங்கிய பின், 1953இல், மேலவைத் தேர்தலில் தோக்கியோ தொகுதியில் கட்சி சாராமல் நின்றார். இலட்சியத் தேர்தல் என்று அவரும் நண்பர்களும் சொன்ன ஒரு முறையை அப்போது கடைப்பிடித்தார்கள். வேட்பாளர் தன்னைத் தானே முன்னிறுத்துவதில்லை. வாக்காளர்கள் கூடிப் பரிந்துரைக்க, அவர் இசைகிறார். செலவுக்கான பணத்தைச் சிறு தொகைகளாக ஆதரவாளர்களே போடுகிறார்கள். வேட்பாளர் கைக்காசைச் செலவழிப்பதில்லை, யாருக்கும் விருந்து வைப்பதில்லை, ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் பெயரைக் கூவிக்கொண்டு தெருத்தெருவாகப் போவதில்லை. கூட்டம் போட்டுப் பேசுவதும், எல்லா வேட்பாளர்களின் அறிக்கையையும் ஒருசேர அச்சிட்டு வீட்டுக்கு அனுப்பும் அரசின் தேர்தல் ஏடுமே அவருடைய பிரசாரம். ஜெயித்தார். 1959இலும் 1965இலும் அப்படியே. 1971இல் தோற்றார். வயது 78. இத்தோடு போதும் என்று ஒதுங்கிக்கொண்டார்.

மூன்றாண்டு கழித்து, இளைஞர்கள் சிலர், அவர் சம்மதத்துக்குக் காத்திராமல் தாங்களாகவே அவரைப் பரிந்துரைக்கும் குழு ஒன்றை அமைத்து, நிற்கத்தான் வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அதில் முன்னின்று தேர்தல் வேலையை நடத்திய இளைஞர் நவோதோ கான், 2010இல் ஜப்பானின் பிரதமரானார். 1974ஆம் ஆண்டின் அந்த மேலவைத் தேர்தல், பிரதமர் தனாக்காவின் ஆட்சியில் பணம் தண்ணீராக ஓடியது என்று இன்றும் பேசப்படுவது. அதே தேர்தலில்தான் 81 வயதுக் கிழவி ஒருவர் நாடு தழுவிய தொகுதியில் சுமார் 19 லட்சம் வாக்கு வாங்கி இரண்டாமிடத்தில் வென்றார். 1980இல், 87ஆம் வயதில், சுமார் 27 லட்சத்து 80 ஆயிரம் வாக்குகளோடு அந்தத் தொகுதியில் முதலிடம்.

இதை அப்படியே களக்காட்டில் செய்துவிடலாம் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அவருக்கு நாடறிந்த பெயர் இருந்தது. கால் நூற்றாண்டு இயக்கம் அதைச் சம்பாதித்துக் கொடுத்திருந்தது. மாநகரத்து வாக்காளரும், பிறகு நாடு முழுவதுமான தொகுதியும் அவருக்கு வாய்த்தன. மச்சான் வீடு, மாமன் வீடு, இந்தத் தெரு, அந்தத் தெரு என்று எண்ணிப் போடப்படும் வார்டு தேர்தலில் அந்த வழி செல்லாது. ஆனால் ஒன்றை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். தேர்தல் செலவை அவர் வாக்காளரின் செலவாக மாற்றினார். போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்ற நெருக்கடி ஜெயித்தவருக்கு இல்லாமற்போனது அதனால்தான். உங்கள் ஊரில் மகளிர் குழுக்கள் வாரந்தோறும் சேமிப்பு எடுக்கிறார்கள், நோட்டில் எழுதி எல்லார் முன்னாலும் கூட்டிக் காட்டுகிறார்கள். ஒரு வேட்பாளருக்கும் அந்த நோட்டுக் கணக்கைத் தொடங்க முடியாதா என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டமாகிவிட்டது. இடம் சட்டத்தில் வந்துவிட்டது, அடகுக் கடைக்குப் போகாத வழிதான் இன்னும் வரவில்லை. வீட்டுக்காரர் விஷயத்தில் இச்சிகாவாவின் அனுபவம் உங்களுக்கு உதவாது.

கேள்வி: மேலவையில் இருந்து என்ன சாதித்தார்? கட்சி இல்லாத ஒருவரால் ஏதாவது செய்ய முடியுமா?
– தென்காசி

சட்டம் இயற்றும் வலிமை அவருக்குக் குறைவுதான். 1956இல் வந்த பரத்தமைத் தடுப்புச் சட்டம், கட்சி வேறுபாடின்றி இரு அவைகளின் பெண் உறுப்பினர்களும் வெளியே மகளிர் அமைப்புகளும் பல தடவை தோற்றும் விடாமல் தள்ளிக் கொண்டுவந்தது; அதில் அவர் பங்கு உண்டு. 1974இல் சமூகத் தலைமைக்கான ரமோன் மகசேசே விருது பெற்றார். 1975இல், சர்வதேச மகளிர் ஆண்டையொட்டி, ஒன்றோடொன்று பேசாத பல மகளிர் அமைப்புகளை ஒரே மேடையில் உட்கார வைத்தார். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்திடத் தயங்கியபோது அவர்கள் எல்லாரும் சேர்ந்து நெருக்கியதில், 1980 ஜூலையில் கோபன்ஹேகனில் அது கையெழுத்தாயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. 1974இல், மின்சார நிறுவனம் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதை எதிர்த்து ஓர் இயக்கம் நடத்தினார். வீட்டுக்கு வரும் மின் கட்டணத்தில் 1 யென் மட்டும் பிடித்துக்கொண்டு கட்ட வேண்டும். எங்கள் கட்டணப் பணத்திலிருந்து எங்களைக் கேட்காமல் கட்சிக்குக் கொடுக்காதே என்பது அதன் பொருள். கவுண்டரில் இருந்தவர்களின் தலைவலியை நினைத்துப் பாருங்கள்: ஒரு யென் பாக்கிக்காக யார் வீட்டு இணைப்பைத் துண்டிப்பது? நிறுவனம் அந்த நன்கொடையை நிறுத்திக்கொண்டது.

1981 பிப்ரவரி 11 அன்று மாரடைப்பால் இறந்தபோதும் அவர் உறுப்பினர்தான்.

கேள்வி: என் மகள் தோக்கியோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். அடுத்த ஆண்டு நான் போகிறேன். இச்சிகாவா தொடர்பாகப் பார்க்க அங்கே ஏதும் உண்டா?
– மகாராஜநகர்

உண்டு. ஷிபுயா வட்டாரத்தில் யோயோகி என்ற பகுதியில், ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்குத் தெற்கே நடந்து போகும் தூரத்தில், அவர் பெயரில் ஒரு மையம் இருக்கிறது. 1946இல் பெண் வாக்குரிமை மன்றமாகத் தொடங்கிய இடம் அது. வாக்குரிமை இயக்கத்தின் ஆவணங்களையும் அவருடைய பொருள்களையும் அங்கே வைத்துக் காத்துவருகிறார்கள். சிறிய அமைப்பு என்பதால், பார்வை நேரத்தை மகளை விட்டு முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. விளக்கப் பலகைகளைப் படித்துச் சொல்ல ஜப்பானிய மொழி தெரிந்த தோழி யாரையாவது கூட அழைத்துப் போகச் சொல்லுங்கள்.